எப்பிடி வந்ததாம்?

எங்கட ஊரில் ஒருவருக்கு வருத்தம் என்றால், சனம் கேட்கிற கேள்விகளுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் "என்ன வருத்தம்?" பிறகு "எங்க காட்டுறியள்?" அதுக்குப் பிறகு "இப்ப எப்பிடி, சாப்பிடுறாரோ?" நீரிழிவு, பிரசர், டெங்கு, புற்றுநோய், எதுவாக இருந்தாலும் இந்த மூன்றும் வரும். ஒரு பையில் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்பார்கள்.

எச்.ஐ.வி. என்று வந்தால் மட்டும் இந்த மூன்று கேள்விகளும் காணாமல் போய்விடும். ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சும்.

"எப்பிடி வந்ததாம்?"

அந்தக் கடைசி 'ஆம்' இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். "எப்பிடி வந்தது?" என்று உரியவரிடம் நேரே போய் யாரும் கேட்பதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மூன்றாம் ஆளிடம், குரலைக் குறைத்துக் கேட்கிற கேள்வி இது. அதற்குக் கிடைக்கிற பதிலை வைத்துத்தான் அந்த ஆளுக்கு இரங்குவதா, தள்ளிவைப்பதா என்று ஊர் தீர்மானிக்கும். பதில் கிடைக்காவிட்டால் ஊரே ஒரு பதிலைச் செய்துகொள்ளும்.

கார்த்திகை மழை முடிகிற நேரத்தில் டிசம்பர் 1 வரும். உலக எயிட்ஸ் தினம். சிவப்பு ரிபன், பதாகை, ஊர்வலம், மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு. எல்லாம் நல்ல நோக்கம்தான். ஆனால் இந்த ஒரு கேள்வியை நாங்கள் கைவிடாத வரைக்கும் அந்த ஊர்வலங்களால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். குடாநாட்டுக்காரன். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறான். அவனைப் பற்றி எழுதட்டோ என்று கேட்டபோது ஒரு நிபந்தனை வைத்தான்.

"ஊர், வயசு, வேலை ஒண்டும் வரக்கூடாது மச்சான். வாசிச்சுப்போட்டு ஒருத்தன்கூட 'இது அவனாத்தான் இருக்கும்' எண்டு நினைக்கக்கூடாது."

ஆகவே இங்கே இருப்பது அவன் விட்டுத் தந்த அளவு மட்டும்தான்.

அவன் நாளுக்கு ஒரு குளிசை போடுகிறான். இரவு ஒன்பது மணிக்கு. அந்தக் குளிசைகள் ஒரு விற்றமின் போத்தலுக்குள் இருக்கின்றன. வீட்டில் எல்லாரும் அதை விற்றமின் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உந்த விற்றமினைக் குடிச்சும் நீ தேறேல்லையே" என்று அவனுடைய அம்மா ஒருநாள் சொன்னாவாம். அதைச் சொல்லிவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா அவன் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போவான். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக் இருக்கிறது. அங்கே மருந்தை எடுத்துக்கொண்டு அன்றிரவே திரும்பி பஸ் ஏறுவான். போக நானூறு கிலோமீற்றர், வர நானூறு. வீட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம். பாஸ்போட் அலுவல், கூடப் படித்தவனின் கலியாணம், ஒரு நேர்முகப் பரீட்சை.

இதில் விசர்க்கதை என்னவென்றால், அதே மருந்து யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. யாழ். போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்களுக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். அவனுடைய வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால் வேர்க்க முதல் போய்ச் சேரலாம்.

"ஏன்டா இங்க எடுக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"டொக்டரில எனக்குப் பயமில்லை. தாதிமாரிலயும் இல்லை. அந்த வராந்தாவில தற்செயலா ஒரு மாமி வந்து நிண்டு, 'தம்பி, நீங்கள் இன்னாரின்ர மகனெல்லோ, இங்க என்ன?' எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

எண்ணூறு கிலோமீற்றர். அந்த ஒரு மாமியின் ஒரு கேள்விக்காக.

அவனுக்கு எப்படி வந்தது என்பது இந்தக் கட்டுரையில் எங்கேயும் வராது. அதை நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டு வாசித்தீர்கள் என்றால், அந்த வராந்தாவில் நிற்கிற மாமியின் இடத்தில் ஒரு கணம் நீங்களும் நின்றிருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம். எங்களை எல்லாம் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

ஒரு நோய்க்கு எங்கட சனம் எப்போதுமே இப்படி நடந்துகொள்கிறது என்று சொல்ல முடியாது. கொப்பளிப்பான் வந்தால் என்ன செய்கிறோம்? 'அம்மாள் வருத்தம்' என்கிறோம். படலையில் வேப்பிலை கட்டுகிறோம். வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. படுத்திருக்கிற பிள்ளைக்கு இளநீர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் வார்க்கிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரே காற்றைச் சுவாசித்தாலே தொற்றக்கூடிய நோய் அது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து "எப்பிடி வந்ததாம்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மாள் வந்தா, தணிந்து போவா, அவ்வளவுதான். நெருங்காமல் இருக்கவும் தெரியும், அவமானப்படுத்தாமல் இருக்கவும் தெரியும். இந்த நாகரிகம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எச்.ஐ.வி. அதைப்போல் சுலபமாகத் தொற்றுவதுமில்லை. கைகொடுத்தால், கட்டிப்பிடித்தால், ஒரே கோப்பையில் சாப்பிட்டால், ஒரே கிணற்றில் குளித்தால், ஒரே மலசலகூடத்தைப் பாவித்தால், நுளம்பு கடித்தால் தொற்றாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்துவது, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்கு. இவ்வளவுதான் வழி. அப்படியானால் சுலபமாகத் தொற்றுகிற நோய்க்கு வேப்பிலையும், தொற்றுவதற்கு மினைக்கெட வேண்டிய நோய்க்கு வெறுப்பும் ஏன்? மேலே சொன்ன வழிகளில் முதலாவதுதான் காரணம். உடலுறவு என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள் சொல்ல மாட்டோம். சொல்லாத ஒன்றின் வழியாக வருகிற நோயை நோயாகப் பார்க்கவும் மாட்டோம். அதை ஒரு சாட்சியாகத்தான் பார்ப்போம்.

இந்தப் பார்வை எங்கட ஊரில் மட்டும் முளைத்ததில்லை. எயிட்ஸ் பற்றிய எங்கட முதல் கதைகளில் கனக்கத் தமிழ்நாட்டில் இருந்துதான் கடல் கடந்து வந்தன. அங்கே அந்தக் கதை தொடங்கிய விதமும் தெரிந்திருக்க வேண்டியது. 1986இல் சென்னையில் செல்லப்பன் நிர்மலா என்ற இளம் மருத்துவ மாணவி, தன்னுடைய ஆசிரியர் சுனிதி சாலமன் தூண்டியதால், பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். அந்தப் பெண்கள் அரசாங்கக் காப்பகம் ஒன்றில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள். மாதிரிகளைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததால் நிர்மலா அவற்றைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பிறகு வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். அது மேற்கத்தைய நாட்டு நோய், எங்கட பண்பாட்டுக்குள் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருடம், 1987இல், தொற்றுள்ள முதலாவது இலங்கையர் இனங்காணப்பட்டார்.

நிர்மலாவும் சுனிதி சாலமனும் செய்தது மகத்தான வேலை. ஆனால் முதல் தேடல் எங்கே நடந்ததோ, அந்த இடத்தின் பெயரே நோயின் பெயராகவும் நின்றுவிட்டது. "அப்படிப்பட்ட ஆக்களுக்கு வருகிறது." 2003இல் தமிழ்நாடு முழுக்கச் சுவரொட்டிகளில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டார்கள். எங்களைவிட மூத்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். எயிட்ஸ் என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்த வகையில் அது பெரிய வெற்றி. ஆனால் புள்ளிராஜா என்ற பெயர் கேலிப்பெயராகிப் போனது. யாருக்கு வரும் என்ற கேள்வி எல்லாருடைய வாயிலும் இருந்தது. வந்தவரோடு எப்படி இருப்பது என்ற கேள்வி அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

எங்கட பக்கத்திலும் அதே கதைதான், கொஞ்சம் வேறு உடுப்பில். போர் முடிந்து பாதை திறந்த பிறகு 'கலாசாரச் சீரழிவு' என்ற சொல்லைப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் கேட்டுக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பட்டியலில் கைத்தொலைபேசி, விடுதி, பெட்டைப் பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியில் எயிட்ஸ் வரும். வெளியில் இருந்து வருவது, வெளியில் போனவர்கள் கொண்டுவருவது, ஒழுக்கம் தவறியவர்களுக்குக் கிடைக்கிற தண்டனை. பாடசாலையில் எங்களுக்குக் கிடைத்த விழிப்புணர்வும் ஏறத்தாழ இதுதான். ரீச்சர் அந்தப் பக்கத்தைத் தொடாமல் "இதை வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டா. பெடியன்கள் நாங்கள் பின்வாங்கிலில் இருந்து சிரித்தோம்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிட்டடியில் ஒருவர் இறந்துபோனார். வெளிநாட்டில் கனகாலம் இருந்துவிட்டு வந்தவர். மெலிந்து, இருமி, ஒரு மாரிகாலத்தில் போய்விட்டார். காசநோய் என்று வீட்டுக்காரர் சொன்னார்கள். ஆனால் ஒழுங்கையில் வேறு கதை ஓடியது. ஆர் தொடங்கியது என்று தெரியாது. செத்தவீட்டில் பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்கு ஆள் தேடவேண்டி வந்தது. அந்தியேட்டிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "ஒரு அவசர அலுவல்" என்று சொல்லிச் சாப்பிடாமலே போனார்கள். சமைத்த சோறு கிடாரத்தில் அப்படியே இருந்தது. பிறகு அவருடைய மகளுக்குப் பேசிவந்த கலியாணங்கள், சாதகம் பொருந்திய பிறகும், மாப்பிள்ளை பகுதி ஊருக்குள் வந்து விசாரித்த இடத்தோடு நின்றுபோயின. அவருக்கு எச்.ஐ.வி. இருந்ததா இல்லையா என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் ஊருக்கு இருக்கவில்லை. 'ஆம்' என்ற ஒரு எழுத்துக்கூட்டு எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டது.

வதந்தி ஒன்றே போதும் என்பதற்கு இலங்கை முழுக்க அறிந்த உதாரணம் குளியாப்பிட்டியில் நடந்தது. 2016இன் தொடக்கத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. தகப்பன் எயிட்ஸில் இறந்தாராம் என்ற கதை. ஒரு பாடசாலை சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிற்பாட்டினார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இல்லை. தொற்று இருந்திருந்தாலும் பக்கத்து வாங்கிலில் இருக்கிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்பது அந்த வருடம் ஏப்ரலில் உறுதியானது. அந்தப் பெற்றோரைக் கெட்டவர்கள் என்று சொல்லித் தப்பிவிட எனக்கு விருப்பமில்லை. எங்கட ஊர்ப் பாடசாலை ஒன்றில் இதே கதை பரவினால், வாசலில் ஆர் ஆர் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகங்கள் கனக்க வந்தன.

"பாவம், அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை" என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. பிழை செய்யாதவர்களுக்கு இரக்கம் என்றால், மற்றவர்களுக்கு?

அதற்கான பதில் 2018 டிசம்பரில் தமிழ்நாட்டில் கிடைத்தது. விருதுநகர் மாவட்டம் சாத்தூரில், அரசாங்க மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. நாடே கொதித்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை, அதில் இரண்டாம் பேச்சில்லை. அந்த இரத்தத்தைக் கொடுத்தவர் ஒரு இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்குத் தன்னுடைய நிலை தெரியவந்தது. தெரிந்த உடனே, தான் கொடுத்த இரத்தத்தைப் பாவிக்க வேண்டாம் என்று அவரே மருத்துவமனைக்கு அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செய்தி வெளியே வந்த சில நாட்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தொற்றுள்ளவர்களை ஒதுக்குவது குற்றம் என்று இந்தியா 2017இல் சட்டம் இயற்றி, அது நடைமுறைக்கு வந்த அதே வருடத்தில் இது நடந்தது.

அடுத்த மாதம் அந்தத் தாய்க்குக் குழந்தை பிறந்தது. உரிய மருந்து கொடுத்ததால் குழந்தைக்குத் தொற்று இல்லை. மருந்து தன் வேலையைச் செய்தது. அந்த இளைஞருக்கும் அதே மருந்து இருந்தது. குளிசை போட்டுக்கொண்டு அவர் இன்றைக்கும் இருந்திருக்கலாம். செய்ய வேண்டிய சரியான காரியத்தைச் செய்த ஆள் அவர். அவரைக் கொன்றது வைரஸ் இல்லை.

எங்கட ஆட்களுக்கு அந்த இளைஞரின் கதை தூரத்துக் கதை இல்லை. குடாநாட்டில் வெளிநாட்டுக்கு ஒருவரை அனுப்பாத வீடு குறைவு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். கனடாவுக்குக் குடிபெயர்கிறவர்களுக்கும் 2002 முதல் அது மருத்துவப் பரிசோதனையில் ஒரு பகுதி. "மெடிக்கல் பாஸ்" என்று சந்தோசமாகச் சொல்கிறோமே, அதற்குள் இந்தச் சோதனையும் இருக்கிறது. பாஸ் ஆகாமல் திரும்பி வருகிறவனிடம் "ஏன் விசா சரிவரேல்லை?" என்று சந்திக்குச் சந்தி நின்று கேட்கிற ஊர் எங்களுடையது.

நோயை வைத்து ஊர் பிரிப்பது எப்படி என்று எங்களுக்கே ஒருமுறை காட்டப்பட்டது. 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஒரு ஆராதனையோடு கொரோனா யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது, சில நாட்களுக்கு அரியாலை, தாவடி என்ற ஊர்ப்பெயர்களே நோயின் பெயர்களாகிவிட்டன. தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டிய வீட்டைத் தாண்டிப் போகச் சனம் பயந்தது. ஆர் கொண்டுவந்தது, ஆர் போனது, ஆரோடு நின்றது என்பதுதான் முழுநாள் கதை. பிறகு என்ன நடந்தது? எல்லா ஊருக்கும் வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்தது. எல்லாருக்கும் வந்த பிறகு "எப்பிடி வந்ததாம்?" என்ற கேள்வி தானாகச் செத்துப்போனது. "இப்ப எப்பிடி, மணம் தெரியுதோ?" என்று கேட்கத் தொடங்கினோம். எச்.ஐ.வி.க்கும் அந்த இடத்துக்கு வந்துசேர எல்லாருக்கும் தொற்ற வேண்டுமா என்ன?

இனி, இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களுக்கு, பாடசாலையில் சொல்லித் தராத இரண்டு விடயங்கள்.

முதலாவது, எச்.ஐ.வி.யும் எயிட்ஸும் ஒன்றில்லை. எச்.ஐ.வி. ஒரு வைரஸ். சிகிச்சை எடுக்காமல் பல வருடங்கள் விட்டால், உடலின் எதிர்ப்புச்சக்தி உடைந்து வருகிற நிலைதான் எயிட்ஸ். இன்றைக்கு இருக்கிற மருந்துகளை ஒழுங்காக எடுக்கிற ஒருவர் அந்த நிலைக்குப் போகாமலே முழு ஆயுளும் வாழலாம். மருந்து இரத்தத்தில் இருக்கிற வைரஸைச் சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைத்துவிடும். அப்படிப் பிடிபடாத நிலையில் தொடர்ந்து இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. குறைவாகத் தொற்றும் என்று சொல்லவில்லை, தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணைகளை ஐரோப்பாவில் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 2019இல் வெளியான முடிவுகளில் மட்டும் 782 ஆண் இணைகள். ஆணுறை இல்லாமல் எழுபத்தாறாயிரம் தடவைக்கு மேல் உறவு. மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்பது மணிக் குளிசை என் நண்பனுக்கு மட்டுமான மருந்து இல்லை. நாளைக்கு அவன் விரும்பப்போகிற ஆளையும் சேர்த்துக் காக்கிற மருந்து.

இரண்டாவது, சோதனை. எங்கட ஊரில் எச்.ஐ.வி. சோதனை செய்தவர்கள் ஆர் என்று கேட்டால் ஒருவரும் இல்லை என்பீர்கள். உங்கட அக்காவிடமோ மச்சாளிடமோ பிள்ளைத்தாச்சிக் காலத்துக் கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுக்கிற இரத்தத்தில் எச்.ஐ.வி.யும் சிபிலிசும் சோதிக்கப்படுகின்றன. மிட்வைவ் அக்கா வீடுவீடாக வந்து, பதிந்து, கிளினிக்குக்கு அனுப்பி, ஒருத்தரையும் விடாமல் செய்த வேலை அது. அதன் பலனாகத்தான் 2019 டிசம்பரில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அந்தக் கிளினிக் வாசலில் நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்தும் "இங்க என்ன?" என்று எந்த மாமியும் கேட்டதில்லை. எல்லாரும் செய்கிறபோது அது ஒரு இரத்தச் சோதனை மட்டும்தான்.

ஆக, எங்கட தாய்மார் ஓசையில்லாமல் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள்தான். நாட்டில் புதிதாக இனங்காணப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். 2022இல் புதிதாகக் கண்டறியப்பட்டோர் தொகை அறுநூறைத் தாண்டியது. இரண்டு கோடிச் சனத்தொகையில் அது சிறிய எண்தான். ஆனால் கண்டறியப்படாதவர் அந்த எண்ணில் இல்லை. சோதனைக்கு வரப் பயந்தவர் மருந்துக்கும் வரமாட்டார். உடம்பு விழுந்த பிறகு, கட்டிலில் தூக்கிக்கொண்டு வருகிறபோதுதான் தெரியவரும்.

பயப்படுவதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆண்களோடு உறவு வைத்திருக்கிற ஆண் ஒருவர் தன் கதையை வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றால், 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் அவர் தலைக்கு மேல் தொங்குகின்றன. அதை நீக்குகிற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. சொன்னதோடு நிற்கிறது. ஹெரோயின் ஊசி குத்துகிற பெடியனுக்கு, கிளினிக்குக்குப் போனால் பொலிசுக்குப் போகுமோ என்ற பயம். பாலியல் தொழில் செய்கிற பெண்ணுக்கு அதைவிடக் கூடிய பயம். "எப்பிடி வந்ததாம்?" என்ற கேள்விக்கு இவர்கள் உண்மையான பதில் சொன்னால் ஊர் மட்டும் இல்லை, சட்டமும் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் சொல்ல முடியாத கேள்வியை ஒருவரிடம் போடுவது, வராதே என்று கதவில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். டொக்டர் கேட்க வேண்டும், சிகிச்சைக்காக. அவருக்கு அது தொழில், ரகசியம் காப்பது கடமை. எங்களுக்கு அந்தக் கேள்வியில் ஒரு அலுவலும் இல்லை.

நானும் போய்ச் சோதித்தேன். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான், வேறொரு கிளினிக்குக்கு. உள்ளே போனால் பெயரைச் சத்தமாகக் கூப்பிடவில்லை, ஒரு இலக்கம் தந்தார்கள். தாதி ஒருவர் சாதாரணமாகக் கதைத்தா. இரத்தம் எடுத்தார்கள். கடைசியாக ஆபத்தான சந்தர்ப்பம் ஏற்பட்டுச் சில கிழமைகளுக்குள் சோதித்தால் பிடிபடாமல் போகலாம், ஆகவே திரும்பவும் ஒருக்காச் சோதிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார்கள். அப்படி ஒரு சந்தர்ப்பம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வந்தால், தொற்றாமல் தடுக்க மருந்து தரலாம் என்றும் சொன்னார்கள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஊசி நொந்தது, அவ்வளவுதான். ஆனால் வெளியே வருகிறபோது தலைக்கவசத்தை உள்ளேயே மாட்டிக்கொண்டுதான் வந்தேன். அவன் பார்த்துச் சிரித்தான். "இப்ப விளங்குதோ ஏன் கொழும்பு எண்டு?"

விளங்கியது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. தனியாகப் போனால் தலைக்கவசம் தேவைப்படுகிறது. நாலு பேராகப் போனால் தேவைப்படாது. நாங்கள் இரத்ததான முகாமுக்குக் கூட்டமாகப் போகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். இதற்கும் அப்படிப் போகலாம். ஒரு விளையாட்டுக் கழகம், ஒரு சனசமூக நிலையம், ஒரு கம்பஸ் 'பற்ச்' சேர்ந்து போகிற நாளில், அந்த வரிசையில் ஆருக்கு என்ன பயம் என்று ஒருவருக்கும் தெரியாது. பயத்தோடு நிற்கிறவன் அதற்குள் மறைந்து நிற்கலாம். கட்டாயப்படுத்தக் கூடாது, கலியாணத்துக்கு முதல் சேட்டிபிக்கற் கொண்டுவா என்று இதையும் சாதகத்தோடு சேர்த்துவிடக் கூடாது. பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவனுக்கு இந்தக் கட்டுரையை வாசிக்கக் கொடுத்தேன். போனில் மேலும் கீழும் தள்ளித் தள்ளி வாசித்தான். தன்னைப் பற்றிய இடத்தில் இரண்டு வரியை வெட்டச் சொன்னான். வெட்டிவிட்டேன். "பாவம்" என்று எழுதியிருந்த ஒரு இடத்தையும் வெட்டச் சொன்னான். அதையும் வெட்டிவிட்டேன்.

"சோதனை ஃபிரீ எண்டதை நடுவில ஒளிச்சு வச்சிருக்கிறாய். ஒருத்தரும் அவ்வளவு தூரம் வாசிக்காயினம். கடைசியில திரும்ப ஒருக்காப் போடு."

ஆகவே போடுகிறேன். அரச வைத்தியசாலைகளில் இருக்கிற பாலியல் நோய் கிளினிக்குகளில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். மருந்தும் இலவசம். ஆரிடமும் துண்டு வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை, நேரே போகலாம். போகிற வழியில் தெரிந்த முகத்தைக் கண்டால், "இங்க என்ன?" என்று கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போங்கள்.